தும்பியின் பெயரில் பட்டா

அபூர்வத் தும்பி வாழும் ஓடை, புதிய சட்டப்படி அந்தத் தும்பியின் பெயருக்கே பட்டாவாகிவிடும். பிறகு அதன்மேல் பாலம் கட்ட முடியாது. தும்பி ஆய்வாளர் செண்பகவல்லியின் வீடோ ஓடைக்கு அக்கரையில் இருந்தது. வெள்ளம் வந்தால் நான்கு நாள் அடைந்து கிடக்க வேண்டும். பாலம் கேட்டுப் பன்னிரண்டு வருடமாக மனுப் போட்டுவந்தவர் அவள் கணவர் கோமதிநாயகம்.

அன்று ஓடைக் கல்லில் வந்து உட்கார்ந்த தும்பியின் மார்பில் மூன்று பச்சைக் கோடுகள் இருந்தன. அபூர்வ இனமேதான்.

“சாதாரணத் தட்டான்னு எழுதிரு செண்பகம். அதுவா வந்து கேக்கப் போவுது?” என்றார் கோமதிநாயகம்.

“கேக்காதுன்னுதான் என்னைய வேலைக்கு வச்சிருக்காவ.”

கைப்பேசித் திரையில் அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு உள்ளதையே பதிவு செய்தாள்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஓடையில் இறங்கினார். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அதோட குஞ்சு எந்தக் கல்லுக்கடியில இருக்கும்? மிதிச்சிரக் கூடாதுல்லா.”