இரண்டு ஜிபியில் ஒரு பங்கு

"பிச்சையா கேக்குறேன்? பங்கு கேக்குறேன். கிராஃபிக்ஸுக்குப் பாதி கொடுத்துடு ஹில்க்கா" என்றான் ஓஸ்மோ.

ஹில்க்கா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எட்டு வயதுக் கிழட்டுக் கருவி அது. பகலெல்லாம் குவோப்பியோ நகரில் பேருந்து ஓட்டிவிட்டு, குளிர்காலம் முழுவதும் மாலைதோறும் அதன்முன் அமர்ந்து அவள் எழுதிய நிரல், உறைந்த ஏரி ஒன்று இசைக்கு ஏற்ப உடைந்து உருகுவதைத் திரையில் வரைந்து காட்டும். வீட்டில் சிறுதிரையில் ஒழுங்காகத்தான் காட்டியது. இங்கே, தாம்பெரே நகரப் பனிவிளையாட்டு அரங்கின் பெருந்திரையில் ஒத்திகை பார்த்தபோதோ, ஏரி விக்கியது. விக்கி விக்கி நின்றே போனது.

திரையில் படம் வரையும் நிரல்களுக்கான போட்டி தொடங்க இன்னும் அரைமணி நேரம். மூன்றாம் வரிசையில் அவளோடு வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர், அவளுக்காக ஆட்டி ஆரவாரம் செய்ய மாட்டுமணிகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்முன் அவமானப்படுவதைவிட விலகுவதே மேல் என்று பதிவு மேசைக்குப் போய்ப் பெயரை அடிக்கச் சொன்னாள். அங்கே காப்பிக் கோப்பையோடு நின்ற முன்பின் அறியாத இந்த ஓஸ்மோதான், காப்பி சிந்த ஓடிவந்து, "அடிச்சுடாதீங்க" என்று தடுத்து, அவளை இந்த மேசைக்கு இழுத்துவந்தான்.

அவன் கண்ட குற்றம் இதுதான். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளுக்கான பிரிவில்தான் அவள் சேர்ந்திருந்தாள். இவற்றில் படம் வரையும் சில்லுக்குச் சொந்தமாகத் துளி நினைவகமும் கிடையாது. பொது நினைவகம் பிய்த்துக் கொடுப்பதைத்தான் உண்ண வேண்டும். மொத்தம் இருப்பது இரண்டு ஜிபி. அதில் அறுபத்து நான்கே எம்பியை எறிந்துவிட்டு, ஏரியையே உருக்கு என்றால் எப்படி உருக்கும்? உழைப்பவனுக்கு உமி, உட்கார்ந்திருப்பவனுக்கு அரிசி என்றிருக்கும் வீடு என்றைக்கு உருப்பட்டது?

ஹில்க்கா அரைமனதாகத் தலையசைத்தாள். துவக்க அமைப்புத் திரையைத் திறந்து, ஓஸ்மோ ஒரு ஜிபியை அப்படியே கிராஃபிக்ஸுக்குத் திருப்பினான். ஏரி வெண்ணெயாய் வழுக்கி ஓடியது. இசைதான் செத்தது, மிச்ச நினைவகம் அதற்குப் போதவில்லை.

"ஒருத்தன் வாயில ஊட்ட இன்னொருத்தன் கழுத்தையா நெரிப்ப? என் பாட்டு பாவமில்லையா?" என்றாள்.

"சரிம்மா, கோவிச்சுக்காத. கால் பங்கு?"

"கால்னா கால்தான். அதுக்கு மேல ஒரு எம்பி கேட்ட, மணி ஆட்டுறவங்களை ஒம்மேல ஏவி விட்டுடுவேன்."

கால் பங்கு வைத்தான். வேண்டாத நிரல்களை எல்லாம் மூடினான். ஏரி உருகியது, இசையும் உருகியது. ஹில்க்கா சிறுமிபோல் சிரித்து, அவன் வாயில் ஒரு கறுப்பு உப்பு மிட்டாயைத் திணித்தாள்.

விளக்குகள் அணைந்தன. படைப்புகள் புனைபெயர்களில் ஒவ்வொன்றாகத் திரையேறின. கடைசியாக அவளுடையது. பனி பிளந்த கணத்தில் அரங்கம் எழுந்து நின்றது. பன்னிரண்டு மாட்டுமணிகளும் பைத்தியம் பிடித்து ஒலித்தன. வாக்குகளை எண்ணினார்கள். முதல் இடம் ஹில்க்காவுக்கு.

கால் தரையில் படாமல் மேடையேறியவள், பரிசை ஏந்தியபடி ஒலிவாங்கியைப் பிடித்து ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டாள். இல்லாதவனுக்கு இருப்பவன் பங்கு கொடுத்தால் ஏரியே உருகும், மனிதன் உருக மாட்டானா என்று கேட்டாள். கைம்மாறு கருதாத கைகள் இந்த நாட்டில் இன்னும் உண்டு என்றாள். கைதட்டல் கூரையை இடித்தது. அவள் கைகாட்டியதும் ஓட்டுநர்கள் ஓஸ்மோவைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து மேடையில் நிறுத்தினார்கள்.

"சொல்லு ஓஸ்மோ. யாரு எவருன்னே தெரியாத எனக்கு ஏன் இவ்வளவு செஞ்ச?"

ஓஸ்மோ காதுவரை சிவந்தான். ஒலிவாங்கிக்குக் குனிந்தான்.

"மூணு படைப்பு இல்லன்னா இந்தப் பிரிவையே ரத்து பண்ணிடுவாங்க. நாலு வருசமா இதுல முதல் பரிசு வாங்கறவன் நான். இந்த வருசம் என்கிட்ட தோக்கறதுக்கு ஒரு ஆள் கொறைஞ்சுது."