பங்குக்கு வந்த பாலம்

தலைநகரத்தில் இருப்பதையெல்லாம் எல்லா ஊர்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவான பிறகு, எங்கள் ஊருக்கு ஒரு மேம்பாலத் துண்டு வந்தது. கொள்ளுக் காட்டின் நடுவே இரண்டு தூண்களை நட்டு, அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போனார்கள். ஏறுகிற சரிவும் இறங்குகிற சரிவும் வேறு ஊர்களின் பங்கு.

எங்கள் பக்கம் கொள்ளுச் செடியை அறுத்ததும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவோம். போகிற வண்டிகளின் சக்கரம் பட்டு மணி உதிர்ந்துவிடும். சாலை வெகுதூரம். அதனால் மாதம்மாள் இந்த முறை ஏணி வைத்துக் கட்டுக்கட்டாகச் சுமந்து, பாலத்தின்மேல் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"மேல வண்டி எப்பிடி வரும்?" கீழே நின்று அவள் கணவன் சென்றாயன் கேட்டான்.

"பாலத்தக் குடுத்தவங்க வண்டியக் குடுக்காமயா போவாங்க?"

வெயில் தாழ்ந்தது. தலைநகரத்தில் பஸ் ஓட்டும் மகன் போனில் கூப்பிட்டான். அவன் குரல் களைத்திருந்தது.

"பாலத்துல நடுவுல ஒரு துண்டக் காணோம்மா. வெட்டுன எடத்துல வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல."

"நிக்கட்டும், என்ன பண்றது."

"நீ எங்க இருக்கற?"

மாதம்மாள் உதிராத செடிகளைப் பார்த்தாள்.

"அந்த நடுவுலதான்டா இருக்கறேன்."

போனை இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செடிகளை மிதித்துக்கொண்டே வெட்டுப்பட்ட விளிம்பு வரை நடந்தாள். பிறகு திரும்பி, அடுத்த விளிம்பை நோக்கி நடந்தாள்.