செத்தவன் கேட்ட சூப்

"கப்பல் தொடர்ல மூணாவது எபிசோடுல செத்த கேப்டன், நாலாவதுல வந்து சூப் கேக்குறான். இது ஓட்டை இல்லையா?" யுஸ்லெய்டி காபிக் கோப்பையை நங்கென்று வைத்தாள்.

"ஓட்டையா? அதுதான்மா கதையோட உயிரு!" ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ரிகோபெர்தோ தன் நோட்டைத் தட்டினார். அந்தத் தொடரைப் பற்றியே நாற்பது பக்கம் எழுதியிருந்தார். "அந்தக் கப்பல்ல காலம் பின்னாடி ஓடுது. முதல்ல சாவு, அப்புறம் பசி! அந்த சூப் சீனை நினைச்சா இப்பவும் கண்ணு கலங்குது."

யுஸ்லெய்டிக்குப் புல்லரித்தது. "எழுதினவன் மூளையே மூளை! நீ என்ன சொல்ற ஓஸ்மெல்?"

திங்கட்கிழமைதோறும் ஹார்ட் டிஸ்க்கோடு வீடுவீடாகப் போய்ப் புதுத் தொடர்களை ஏற்றிக் கொடுப்பதுதான் சியென்ஃபுவேகோஸ் நகரத்தில் ஓஸ்மெலின் பிழைப்பு. "எனக்கென்ன தெரியும்?" என்று காபியை உறிஞ்சிவிட்டு, இரண்டாவது சீசனை ஏற்றிக் கொடுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் நுழைந்ததுமே இருவரும் பாய்ந்தார்கள்.

"என்னய்யா ரெண்டாவது சீசன்? புதுக் கேப்டன் வர்றான், சண்டை போடுறான், சாகுறான். அவ்வளவுதான்! எழுதினவனுக்குச் சரக்கு தீந்துபோச்சு" என்றார் வாத்தியார்.

"இப்படியே போனா வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறோம்" என்றாள் யுஸ்லெய்டி.

உண்மை ஓஸ்மெலுக்குத்தான் தெரியும். எபிசோடுகளுக்கு எண் போடுவது அவன்தான். முதல் சீசனுக்குக் கண்ணாடி இல்லாமல் போட்டு வரிசையைக் குழப்பிவிட்டான். அது வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பயந்து, இரண்டாவதற்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒழுங்காகப் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தவன் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினான். மூன்றாவது சீசனுக்கு எண் போட உட்கார்ந்தான்.