தொடாத கை

கெமிஸ்ட்ரி டீச்சர் லேப் உள்ளறைக் கண்ணாடி முன் நின்று சென்ட் பூசிக்கொண்டிருந்தாள். சின்னப் பழுப்பு பாட்டில். பஞ்சைக்கூடக் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்து, கறுப்பு உடையின் தோள்பட்டையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அலங்காரத்திலும் லேப் புத்தி போகாது போல.

கதவிடுக்கில் பார்த்த லேப் உதவியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளியில் எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த அவள் தங்கையிடம் தலைமையாசிரியர் சில்மிஷம் செய்தார். புகார் கொடுத்தவளுக்கே பொய்க்காரி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவள் இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

அந்த ஆள் நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நின்றால்தான் அக்காவின் வயிற்றெரிச்சல் அடங்கும். இன்று மதியம் விசாரணை. நம்பியிருந்த ஒரே சாட்சி இந்த டீச்சர்தான்.

சாட்சி என்ன செய்தாள்? நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். "உங்களுக்கு எதிரா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் சார்" என்று அவள் குழைந்தது வராந்தா வரை கேட்டது. சிரித்தபடி வெளியே வந்தாள்.

முதலில் அவன், அடுத்தது இவள் என்று அக்கா மனதுக்குள் வரிசை போட்டாள்.

பத்தாம் வகுப்புக்கு அன்று உலோகங்கள் பாடம். சோடியம் தண்ணீரைக் கண்டாலே எகிறும், தங்கம் யார் கூப்பிட்டாலும் அசையாது, வெள்ளி உப்பு தோலில் பட்டால் வெளிச்சத்தில் மெல்லக் கறுக்கும் என்று டீச்சர் ஜோராக நடத்தினாள். கட்சி மாறும் உலோகம் மட்டும் பாடத்தில் இல்லையே என்று முணுமுணுத்தபடி அக்கா டெஸ்ட் டியூப்களை ணங்கென்று வைத்தாள்.

மதியம், விசாரணை அதிகாரியம்மா முன்னால் தலைமையாசிரியர் வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார். வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் தனக்குக் கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்றார். எவர் மேலும் தன் விரல்கூடப் பட்டதில்லை என்றார்.

"இந்த டீச்சரே காலைல தனியா என் ரூமுக்கு வந்தாங்க. பக்கத்துலயாவது போனேனா, கேளுங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எதுவும் சொல்றதா இல்ல மேடம். சார் சொன்னதை எழுதி, அவர்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கோங்க."

தங்கை சார்பில் வந்து ஓரமாக நின்ற அக்காவுக்கு அவள் குரல்வளையை அங்கேயே பிடிக்கலாமா என்றிருந்தது.

தலைமையாசிரியர் இடது கையால் பேனாவை எடுத்தார். எப்போதும் போடுகிற கையால் போடச் சொன்னார் அதிகாரியம்மா. வேறு வழியில்லாமல் வலது கை வெளியே வந்தது. உள்ளங்கையும் ஐந்து விரல்களும் கரி பிடித்த சட்டி மாதிரி கறுத்திருந்தன. அவர் அவசர அவசரமாகக் கைக்குட்டையால் தேய்த்தார்.

"தேய்ச்சாப் போகாது சார், காலைல நீங்க தொட்ட தோள்ல வெள்ளி உப்பு தடவியிருந்தேன்."