மருமகள் ஊர் சூப்

தையல்காரம்மா கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

அவை சம்பந்தியம்மாவின் கைகள். கடல் தாண்டி எங்கோ ஒரு சமையலறையில் அந்தக் கைகள் பீட்ரூட்டைத் தீக்குச்சி தீக்குச்சியாக நறுக்கின. இவளும் அப்படியே நறுக்கினாள். துணி வெட்டிப் பழகிய கை என்பதால் ஒரு குச்சிகூடப் பிசகவில்லை.

இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் போனில் சிரித்துத் தலையாட்டியதோடு சரி. இன்று காலையில்தான், மொழி மாற்றித் தரும் செயலியில் பேசி, அந்தம்மாவை அடுப்படிக்கு வரவழைத்திருந்தாள்.

மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாக அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார். அதற்குள் சூப் கொதித்து, ஆறி, மருமகளின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். எதைத் தொட்டாலும் குமட்டல். நாலு நாளாகத் தண்ணீரும் ஒன்றிரண்டு ரஸ்கும்தான். வயிற்றுப் பக்கம் பிரித்துவிட்ட அதே கவுனைத் தோள் பக்கம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது.

"இப்படியே போனா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டாள்.

இந்தச் சூப்பை மருமகள் முதன்முதலாக வைத்த நாளில், "பாத்திரம் கழுவின தண்ணி தேவலாம்" என்று இவள் மூக்கைப் பிடித்தாள். சொன்னது புரியாவிட்டாலும் மூக்கைப் பிடித்தது புரிந்தது. அன்றோடு அந்தப் பெண் தன் ஊர்ச் சமையலை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். இவள் வைக்கிற காரத்தை, கண்ணில் நீர் வழிய, வாய் திறக்காமல் தின்றாள்.

மகன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பான்.

திரையில் அந்தக் கைகள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தன. இவளும் பிழிந்தாள். கொட்டை விழுந்தது. தேடி எடுக்க நேரமில்லை.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருக்கும். தையல்காரம்மா திறக்கவில்லை. மறுபடி தட்டியபோது அடுப்பைப் பெரிதாக்கினாள்.

மருமகளின் கைபேசி காலையிலிருந்து தையல் மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியாகிவிட்டது.

சூப் கொதித்தது. வாசனை அறைக்குள் போய் அந்தப் பெண்ணை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி, மூக்கு விடைக்க, அடுப்படியில் வந்து நின்றாள்.

தையல்காரம்மா கைபேசியைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தாள்.

"யாரு? அம்மாவா?"

"ஆமா. லைன் கட்டாயிடுச்சு. நீ உக்காரு."

பாத்திரத்தை எட்டிப் பார்த்த மருமகள் இவளைப் பார்த்தாள். மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள்.

"அத்தை... நீங்களா?"

முதல் கரண்டி உள்ளே போனது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குமட்டல் வரவில்லை. இரண்டாவதும் தங்கியது. மூன்றாவதை நீட்டியபோது மருமகள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

"அத்தை ஒண்ணு. நான் ஒண்ணு."

"எனக்கு வேணாம்டா தங்கம். நீ சாப்பிடு."

"அப்போ நானும் வேணாம்."

காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இனிப்பும் புளிப்புமாக, உண்மையிலேயே நன்றாக இருந்தது. இத்தனை நாள் இதற்கா மூக்கைப் பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

மருமகள் சிரித்தாள். நாலு நாள் கழித்து வந்த சிரிப்பு. அதன்பிறகு ஆளுக்கொரு கரண்டியாக, ஒரே கிண்ணத்தில், பாதிக்கு மேல் காலியானது. அந்தப் பெண்ணின் காது மடலில் லேசாக ரத்தம் ஓடத் தொடங்கியது.

"சனிக்கிழமை அவர் வரும். நாம மூணு பேர், இதே சூப்." விரலை விட்டு எண்ணிக் காட்டியவள், வயிற்றைத் தொட்டுக்கொண்டு திருத்தினாள். "இல்ல... நாலு!"

தையல்காரம்மா தலையாட்டினாள். அடுத்த கரண்டியை நீட்டினாள்.

கொல்லைப்புறக் கதவு ஓசையில்லாமல் திறந்தது. சொல்லி வைத்தபடி அண்ணன் பின்வழியாக வந்து, மருமகளின் முதுகுக்குப் பின்னால் நின்றார். கையில் மகன் வேலைக்கு எடுத்துப்போன நீலப் பை. அதன் வாரில் பிணவறைச் சீட்டு தொங்கியது. அவருக்குப் பின்னால், சந்து முனையில், விளக்கை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. "சொல்லிட்டியா?"

அவள் இல்லையென்று தலையசைத்து, கிண்ணத்துக்கு மேலாக இரண்டு விரலைக் காட்டினாள். இன்னும் இரண்டு வாய்.

காற்று பட்டு மருமகள் திரும்பப் போனாள்.

"யாரு அத்தை?"

தையல்காரம்மா அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாருமில்லம்மா. வாயைத் திற."