ஏழாவது டின்

பெண் காபித் தட்டோடு வந்து நின்றபோது வேதகிரியின் கண் முறுக்கு டின்னின் மேல் இருந்தது.

"பொண்ணப் பாருடா," என்று அக்கா ஆண்டாளம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள். அவனுக்கு வலிக்கவேயில்லை.

பெண்ணின் அம்மா சொக்கம்மாள் கொண்டுவந்து வைத்த பழைய பிஸ்கட் டின் அது. மூடியில் மேலே மூன்று ஓட்டை, கீழே இரண்டு ஓட்டை, நடுவில் குமிழ் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய ஓட்டை. சாட்சாத் உத்திரமேரூர் மின்னணு ஒலிச் சங்கத்தின் அளவு! மூன்றாவது ஓட்டை மட்டும் ஓர் எள்ளளவு விலகியிருந்தது. அதனால்தான் கழித்துக்கட்டி முறுக்குப் போட்டிருக்கிறார்கள்.

எண்பத்திரண்டில் தொடங்கிய சங்கம். மொத்தம் பதினோரு பேர். ஆளுக்கொரு பிஸ்கட் டின்னுக்குள் டிரான்சிஸ்டரும் பேட்டரியும் வைத்துச் சத்தம் உண்டாக்குவார்கள். ஒரு டின் கத்தும், ஒரு டின் அந்தக் கத்தலை நடுங்கவைக்கும், இன்னொன்று ஏற்றி இறக்கும். டின்னுக்கு டின் ஒயர் சொருகினால் சங்கீதம் வரவேண்டும் என்பது ஏற்பாடு.

டின்கள் பஸ்ஸில் போகும், விவரங்கள் தபாலில் போகும். ஒருமுறை மானாம்பதி தாண்டியதும் டின் ஒன்று தானாகக் கத்தத் தொடங்கி, கண்டக்டர் அதை வாத்து என்று முடிவுகட்டி லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.

சங்கத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பெயர் தெரிந்தால் ஜாதியும் வயசும் தெரிந்துபோகும், அப்புறம் எவர் வேலையை எவர் தைரியமாகக் குறை சொல்வார் என்பது அவர்கள் நியாயம். எண்ணை வெளியாரிடம் ஒப்புக்கொள்வதும் கூடாது.

வேதகிரி பதினொன்றாம் எண். அவனிடம் ஆறு டின்கள் இருந்தன. ஆறையும் இணைத்தால் ஈனப்போகும் எருமையின் முக்கல் வந்தது. தெருக்காரர்கள் இரண்டு தடவை மாட்டு டாக்டரை அழைத்துவந்துவிட்டார்கள். அந்த முக்கலை வடிகட்டிக் குழலோசையாக்குவது ஏழாவது டின். அதைச் செய்யத் தெரிந்தவர் பெருநகர் என்ற பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் நாலாம் எண் ஒருவர்தான். போன மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது: 'தாங்கள் அனுப்பிய டின்னில் ஈயம் பற்றவைத்திருப்பது காக்கை எச்சம் போல் உள்ளது. திருந்தும்வரை ஏழாவது டின் அனுப்புவதற்கில்லை.'

பெருநகரில் ஒரு பெண் இருக்கிறது என்று அக்கா சொன்னதும், ஜாதகம்கூடப் பார்க்காமல் அவன் பஸ் ஏறியது அதற்காகத்தான். ஊரில் விசாரித்து நாலாம் எண்ணைப் பிடித்துக் காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தான். இப்போது பார்த்தால், வந்த வீட்டிலேயே டின்!

"மாமா, ரேடியோ ரிப்பேர் கடை உங்களுதுன்னு சொன்னாங்களே?" என்று பெண்ணின் அப்பா சேட்டுவிடம் கேட்டான்.

"போர்டுலதான் எம் பேரு கீது மாப்ளே. ரேடியோவ வாங்கி வெக்கறதோட சரி. வேலையெல்லாம் வூட்டுக்குள்ளார நடக்குது."

வேதகிரி அப்போதுதான் பெண்ணைப் பார்த்தான். கனகா தலையைக் குனிந்திருந்தாள். இந்தக் கையா அந்தக் கடிதத்தை எழுதியது!

"நீங்க... நாலா?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்லீங்க. வூட்டுக்கு ஒரே பொண்ணு."

சங்க விதியை எப்படிக் காப்பாற்றுகிறாள்! அவனுக்குப் புல்லரித்தது.

"எனக்குச் சம்மதம்," என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி.

"டேய், அந்தப் பொண்ணு இன்னும் ஒக்காரவே இல்லடா," என்று அக்கா பதறினாள். "இன்னா சீரு, இன்னா செனத்தி, ஒண்ணும் பேசல. முறுக்கு வேற நமுத்துக் கீது."

"ஓட்டை டின்னு, நமுக்காம இன்னா பண்ணும்," என்று சொக்கம்மாள் மூடியை அழுத்தினாள். அவள் விரல்களில் பொட்டுப் பொட்டாகச் சூட்டு வடுக்கள். எண்ணெய் தெறித்திருக்கும்.

"சீரெல்லாம் வாணாம்," என்றான் வேதகிரி. "பொண்ணு வரும்போது ஒரே ஒரு டின்னு எடுத்தாந்தா போதும்."

"அட, ஒண்ணு இன்னாத்துக்கு? ரெண்டு டின்னா சுட்டுக் குடுத்துடறோம்," என்றார் சேட்டு.

வேதகிரி சட்டைப் பையில் கையை விட்டான். பதினைந்து நாளாகப் பழகிப் பழகி ஈயம் வைத்த சின்னஞ்சிறு சர்க்யூட் பலகை. அதை எடுத்துக் கனகாவின் தட்டில், காபிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாருங்க. நான் திருந்திட்டேன்."

சேட்டுவின் முகம் சுருங்கியது. "இன்னாத்துலேந்து திருந்தினீங்க? குடி கிடி உண்டா?"

"ஐயையோ, அவன் பீடியக்கூடத் தொட மாட்டான்!" என்றாள் அக்கா.

கனகா ஓர் எட்டு பின்வாங்கினாள். "அம்மா, இன்னாமா இது? எலிப்பொறியா?"

வேதகிரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவள் கண்ணில் நடிப்பே இல்லை. இவள் நாலாம் எண் இல்லையென்றால்? சம்மதம் சொல்லியாகிவிட்டது, டின்னும் போச்சு.

சொக்கம்மாள் தட்டிலிருந்து பலகையை எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணை இடுக்கி, ஓர் ஈயப் பொட்டை நகத்தால் சுரண்டினாள். அது நகத்தோடு கழன்று வந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு வேணும்னா கட்டிக்கினு போங்க, பதினொண்ணு. ஏழாவது டின்னு மட்டும் கேக்காதீங்க."