பத்து விரல்

"மில்லு சம்பந்தம்னா கையைப் பாத்துட்டுத்தான்யா மத்த பேச்சு" என்று தரகர் சிங்காரத்திடம் சொல்லிவிட்டு, மகள் குந்தவைக்குப் பார்த்த மாப்பிள்ளையைக் காணத் திருவையாற்று ரைஸ் மில்லுக்கே வந்துவிட்டார் பஞ்சநதம்.

மாப்பிள்ளை பரணிதரன் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினான். பஞ்சநதம் விரல் விரலாகத் தொட்டு எண்ணினார். பத்தும் இருந்தன.

"திருப்திதானுங்களே?" என்றார் சிங்காரம்.

"இருய்யா."

உள்ளே மெஷின் பெல்ட் மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நெல் கொட்டிக்கொண்டிருந்த மூன்று பேரையும் பஞ்சநதம் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். ஒருவருக்கு இரண்டு விரல்கள் இல்லை. இன்னொருவருக்குக் கட்டைவிரலே இல்லை.

"பெல்ட் மூடி எங்க தம்பி?"

"அது இருந்தா, கழண்ட பெல்ட்ட மாட்ட நேரமாவுதுங்க. எடுத்துப் போட்டாச்சு" என்றான் பரணிதரன்.

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். "இந்த இடம் வேணாம்யா."

சிங்காரம் பின்னாலேயே ஓடிவந்தார். "என்னங்க இது! மாப்பிள்ளைக்குத்தான் பத்தும் பத்திரமா இருக்கே?"

"இருக்காம என்ன? அவன் மில்லு முதலாளி. அவன் கை எதுக்குய்யா பெல்ட்டுகிட்ட போவுது?"